பாட்டி எந்த ஊர்க்காரர்?



ஜூன் 19 உலக அரிவாள் செல் நோய் தினம். தலசீமியாவைத் தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்கு இந்த நோயைத் தெரியாது. மலேசியாவில் அவ்வளவு அபூர்வம்.

பிறக்கும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். கருவில் உருவான ஹீமோகுளோபின் சில மாதம் காப்பாற்றும். அது குறைந்த பிறகு ஒருநாள் இரண்டு புறங்கையும் பொதபொதவென்று வீங்கும்; பால் புட்டியைப் பிடிக்க முடியாமல் பிள்ளை வீறிடும். பூச்சி கடித்திருக்கும் என்று எண்ணெய் தடவுவோம். உள்ளே, அரிவாளாய் வளைந்த சிவப்பணுக்கள் சிறு ரத்தக் குழாய்களை அடைத்திருக்கும். 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாளில் உடைவதால் சோகை வேறு. இப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, உடனே மருத்துவமனைதான்.

1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் அணுவைக் கண்டார்கள். அதே ஆண்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களிடமும் தென்பட்டது. மலேசிய இந்தியர்களிடம் கண்டதைப் பற்றி ஆய்வாளர் லீ இஞ்சோ லுவான் எங் குழுவினர் 1986இல் எழுதினார்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இது அரிதுதான். ஆனால் பேராக் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் தமிழர் மட்டுமா இருந்தார்கள்? தெலுங்கர், மலையாளி, ஒடியாக்காரர் என்று அடுத்தடுத்த வீடு. பெண் கொடுத்து எடுத்ததும் உண்டு. தோட்டம் செம்பனையாகி, குடும்பங்கள் ஈப்போ தாமான்களுக்கு வந்தபின், யார் எங்கிருந்து வந்தவர் என்ற கதை பேச்சிலிருந்தே போய்விட்டது. டாக்டருக்கு வேண்டியதோ அந்தக் கதைதான்.

இன்னொன்று. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் இந்த அரிவாள் செல் சோகை. இருவரும் அதைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மருமகளின் ராசியைப் பேசும் மாமியார், மகனையும் ரத்தம் கொடுக்க அனுப்பட்டும்! சுமப்பவரின் சாதாரண ரத்த எண்ணிக்கையில் பெரும்பாலும் குறை தெரியாது. ஆகவே ஹீமோகுளோபின் பகுப்பாய்வு வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள்? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் குறிப்பிட்டால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்