மானிடவியலும் பாடசாலையும்: திருகோணமலையை முன்வைத்து

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் இயற்கை ஆழத்தை வியப்பர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அதற்காகப் பொருதமையை விரித்துரைப்பர். பாடசாலை மாணவனுக்கும் இவையே கிட்டுகின்றன. அத்துறைமுகத்தைச் சூழ வாழும் மாந்தர் எவ்வாறு மணம் புரிகின்றனர், இறந்தோரை எவ்வாறு நினைவுகூர்கின்றனர், எம்மொழியில் தாலாட்டுகின்றனர் என்பன பாடநூலுக்குரிய பொருளாக மதிக்கப்படுவதில்லை.

பண்பாடு பாடசாலைகளிற் கற்பிக்கப்படுகின்றதே எனச் சிலர் வாதிடக்கூடும். கற்பிக்கப்படுகின்றது; குறையே அங்குதான் உள்ளது. க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவில் இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், பௌத்த நாகரிகம், கிறித்தவ நாகரிகம் ஆகிய பாடங்கள் உள. பெரும்பாலும் அவரவர் தத்தம் சமயத்துக்குரியதையே தெரிகின்றனர். கிரேக்க உரோம நாகரிகத்துக்கும் இடமுண்டு, மானிடவியலுக்கு இல்லை. ஏதென்சு நகரின் வாழ்வை அறிய வாய்ப்புப் பெற்ற மாணவனுக்குக் கிண்ணியாவின் திருமண வீடு அந்நியமாகவே உள்ளது. பாடசாலைகளும் தமிழ், சிங்களம், முஸ்லிம் எனப் பிரிந்து கிடக்கின்றன.

கரையோர வேடரை எடுத்துக்கொள்வோம். மூதூர், ஈச்சிலம்பற்று தொடக்கம் வாகரை வரையுள்ள பகுதியில் இவர்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு வாழ்கின்றனர். சி. ஜி. செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் வேடர் பற்றி 1911இல் வெளியிட்ட பெருநூலில் இவர்களுக்கும் இடமளித்தனர். ஆயினும் நூற்றாண்டு கழிந்த பின்னரும் வேடர் என்றதும் மாணவர் மனத்தில் எழுவது தம்பானையும் வில்லும் தேனுமே. கடலில் மீன்பிடித்துத் தமிழ் பேசும் அயலவன் அச்சித்திரத்துள் அடங்கான். ஆகவே அவன் கண்ணிற் படுவதில்லை. பட்டாலும் வசைச்சொல்லாகவே எஞ்சுகின்றான். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் வேடர் குடும்பத்துப் பிள்ளை தன் பிறப்பை மறைக்கக் கற்றுக்கொள்வதையும் கல்வி என்றே கொள்வதா?

கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்குவதும் மருமகன் அவ்வீட்டிற் புகுவதும் பொதுவழக்காகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் இருசாராரும் தாய்வழிக் குடிமுறையையும் உடையர். அக்கரைப்பற்றில் 1969 தொட்டுக் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அமெரிக்க ஆய்வாளர் அறிந்ததை இம்மண்ணின் பிள்ளை அறியாதிருப்பது வெட்கத்துக்குரியது.

இவ்வறியாமை விளைவற்றதன்று. 2018 ஏப்பிரலில் திருகோணமலை நகரின் மகளிர் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா சர்ச்சைக்குரியதாகி வீதிப் போராட்டம் வரை சென்றது. ஒருவர் தாம் விரும்பியதை உடுக்கும் உரிமை வேறு விடயம். அது மானிடவியலின் அனுமதிக்குக் காத்திருப்பதன்று. ஆனால் சேலை, அபாயா ஆகிய இரண்டும் என்றும் மாறாத மரபின் அடையாளங்களெனப் பேசப்பட்டமை கவனத்துக்குரியது. சேலையோடு இரவிக்கை அணிதல் பரவியமைக்கும், அண்மைத் தசாப்தங்களில் அபாயா பெருகியமைக்கும் வரலாறு உண்டு. அதனைக் கேட்டறியும் பயிற்சி எவருக்கும் அளிக்கப்படவில்லை.

பிறர் வழக்கங்களைக் கற்பித்தால் பிஞ்சு உள்ளங்கள் குழம்பும் என்பர். இவ்வாதம் புதிதன்று. ஜெரோம் புரூனர் முதலியோர் 1960களில் அமெரிக்கச் சிறுவர்க்கென வகுத்த மானிடவியற் பாடத்திட்டம், ஆர்க்டிக் பகுதி நெற்சிலிக் மக்களின் வாழ்வைப் படச்சுருள்களிற் காட்டியது. சிசுக்கொலை, முதியோரைக் கைவிடல் போன்றவற்றைச் சிறுவர்க்குச் சொல்லலாமா என எதிர்ப்பெழுந்து, 1975இல் அது அமெரிக்கக் காங்கிரசில் விவாதப் பொருளாயிற்று. அத்திட்டத்தின் உண்மையான குறை வேறு. படச்சுருளில் தோன்றியவரிடம் சிறுவர் எதையும் வினவ இயலாது. திருகோணமலையில் அவ்விடரில்லை. போர்த்துக்கேயக் கிரியோலை நாவிற் கொண்ட பறங்கி முதியோர் இந்நகரில் உளர், மூதூரும் தொலைவன்று.

புதிய பரீட்சைப் பாடம் வேண்டியதில்லை. பரீட்சையாக்கினால் இதுவும் மனனப் பாடமாகிவிடும். குடியியற் கல்விக்குரிய பாடவேளைகளிற் சிலவற்றை ஒதுக்கி, உறவுமுறைச் சொற்களையும் பிறப்பு இறப்புச் சடங்குகளையும் முதலில் தன் பாட்டியிடமும் பின்னர் வேற்றுச் சமூகத்து வீடொன்றிலும் கேட்டெழுதுமாறு மாணவரைப் பணித்தல் போதும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நகரத்து மாணவர் நோட்டுப் புத்தகத்தோடு வேடர் குடியிருப்புக்குச் சென்று திரும்புவதோடு இது நின்றுவிடலாகாது. வேடர் வீட்டுப் பிள்ளையும் நகரத்துக்கு வந்து, வேளாளர் வீட்டுப் பூப்புச் சடங்கைப் பற்றிக் கேட்டுக் குறிப்பெழுதட்டும்.