கோழிப்பேனும் கூட்டுறவும்

நூல் விலையையும் நெல் கொள்முதலையும் பற்றிப் பேசவேண்டிய இப்பக்கத்தில் கோழிப்பேனைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். பூச்சி சிறியதுதான், கண்ணுக்கு எளிதில் தென்படுவதும் இல்லை. ஆயினும் புறக்கடைக் கோழியின் வருமானம் யாருடைய கையில் சேருகிறது என்று எண்ணிப் பார்த்தால் விஷயத்தின் கனம் விளங்கும். தறியில் பாவு ஏறாத நாட்களிலும், அறுவடைக்கு முந்தைய கையிறுக்கமான மாதங்களிலும், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் அவசர மருந்துக்கும் கைகொடுப்பது வீட்டுப் பெண்மணி விற்ற முட்டையும் சேவலுமே. அந்தச் சிறு வருமானத்தை இரவோடிரவாக உறிஞ்சிவிடும் எதிரியைப் பற்றி எழுதுவது நம் கடமை என்றே கருதுகிறோம்.

நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. பன்னிரண்டு முட்டை வைத்துப் பெட்டையை அடைக்கு அமர்த்தினார்கள். பத்து நாள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. பிறகு ஒருநாள் எழுந்து போனது திரும்பவே இல்லை. முட்டைகள் யாவும் கெட்டுப்போயின. சிலர் கண்ணேறு என்பர். சிலர் இடி இடித்ததால் வந்த வினை என்பர். கூடையைத் தலைகீழாகத் திருப்பி, மூங்கிற் பிளவுகளுக்குள் உற்று நோக்கியவர் மிகச் சிலரே. நோக்கியிருப்பின், சாம்பல் தூவியதுபோல் ஒரு பொடியும், அதனிடையே ஊரும் சிவந்த புள்ளிகளும் தென்பட்டிருக்கும். இரவும் பகலும் ஓரிடத்தில் அசையாது அமர்ந்திருக்கும் அடைக்கோழியைப்போல் அவற்றுக்கு எளிய இரை வேறில்லை. பெட்டை முட்டையைத் துறந்தது பொறுப்பின்மையால் அன்று. தாங்கமுடியாத அரிப்பினாலும் இரத்த இழப்பினாலுமே.

கூடுவாஞ்சேரிப் பகுதியில் இத்தொல்லை இப்போது கூடுதலாகக் கவனிக்கத்தக்கதாகிவிட்டது. வயலும் தோப்புமாக இருந்த இடங்கள் மனைகளாகப் பிரிந்துவிட்டன. நந்திவரம்–கூடுவாஞ்சேரி 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. ஆயினும் பழைய தெருக்களில் கோழி வளர்ப்பு நின்றுவிடவில்லை. முன்பு ஒரு வீட்டுக் கோழிக்கும் அடுத்த வீட்டுக் கோழிக்கும் இடையே கால் ஏக்கர் வெளி இருந்தது; இன்றோ ஒற்றைச் சுவரே இருக்கிறது. அந்தச் சுவர் பூச்சிக்கு ஒரு பொருட்டன்று. சிட்டுக்குருவியும் புறாவுங்கூட அதைச் சுமந்துவரும். போதாக்குறைக்கு, கோழிக்கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் படுக்கையில் உறங்கும் மனிதரையும் அது கடிக்கும்; அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலும் வரும்.

எதிரியை வெல்ல முதலில் அதன் இருப்பிடம் தெரியவேண்டும். பேன், செள், உண்ணி, தெள்ளு என்று நாம் பொதுப்படக் கூறும் பூச்சிகள் யாவும் ஒரே இடத்தில் வாழ்வன அல்ல. கோழியின் உடலிலேயே வாழ்வன ஒரு வகை; கூண்டில் வாழ்ந்து இரவில் கோழியின்மேல் ஏறுவன மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறியாததே நம் முயற்சிகள் பலவும் வீணாவதற்குக் காரணம்.

முதல் வகையில் பேன் முக்கியமானது. கோழிப்பேன் இறகையும் தோலின் செதிலையும் கடித்துத் தின்று வாழ்வது. பிறப்பும் இறப்பும் அதற்குக் கோழியின் உடலிலேதான். இறகின் அடியில் வெண்மையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பவை அதன் ஈர்கள். அவை ஒரு வாரத்திற்குள் பொரிக்கும். வால் அடியில் இறகு கறுத்து அழுக்கேறியதுபோல் தோன்றினால், அங்கே இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணி குடியேறியிருக்கிறது என்று அறியலாம். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசினாற்போல் தடித்திருப்பின், அது செதிலுக்கடியில் குடைந்து வாழும் வேறொரு சிற்றுண்ணியின் வேலை. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கரும்புள்ளிகளாய் அசையாது ஒட்டியிருப்பது தெள்ளு. இது நாய், பூனை, எலி ஆகியவற்றின்மீதும் ஒட்டும்.

இரண்டாம் வகையில் சிவப்புச் சிற்றுண்ணியும் கோழி உண்ணியும் அடங்கும். சிவப்புச் சிற்றுண்ணி பகலெல்லாம் கூண்டின் பிளவிலும், கோழி அடையும் கொம்பின் முனையிலும், கூரைக் கீற்றின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் கோழியின்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் இடுக்குக்குத் திரும்பிவிடும். நம் நாட்டு வெயிற்காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது பெருகிவிடுகிறது. இரையின்றிப் பல மாதங்கள் உயிர்தரிக்கவும் வல்லது. ஆதலால் கோழிகள் செத்தபின் மூன்று மாதம் கூண்டைக் காலியாக விட்டோம் என்று நம்பிப் புதுக் குஞ்சுகளை விடுவது பேதைமை. கோழி உண்ணியோ இரத்தம் குடிப்பதோடு நில்லாமல் கோழிகளுக்குக் கொடிய காய்ச்சலையும் பரப்பும். கோழி சோர்ந்து பசுமையாகக் கழிந்தால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கூண்டில் சிவப்புச் சிற்றுண்ணி உண்டா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரவு கோழிகள் அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து, வெள்ளைத் துணி ஒன்றால் கொம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்து, விளக்கொளியில் பாருங்கள். துணியில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் அது உங்கள் கோழியின் இரத்தமே. நெசவாளர் வீட்டில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை; இதைச் செய்யாதிருக்கக் காரணமும் இல்லை.

இனி, செய்யத்தகாதன. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீதியைக் கலந்து கோழியை முக்கியெடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பயிருக்கான மருந்து கோழிக்கானது அன்று. அது தோல் வழியாகவும், கோழி அலகால் இறகைக் கோதும்போது வாய் வழியாகவும் உட்புகுந்து முட்டையில் சேரும். அம்முட்டையை உண்பது நம் குழந்தை. ஒரு காலத்தில் வீடுதோறும் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. பொடி, கேடு உணரப்பட்டு இந்தியாவில் 1997-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. டைகுளோர்வாஸ் என்னும் மருந்தும் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. பழைய புட்டிகள் பரணில் கிடந்தால் அவற்றைக் கோழிக்கூண்டிற்குக் கொண்டுசெல்ல வேண்டாம்.

இது நம்மவரின் அறியாமை மட்டுமே என்று எண்ணவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் கோழிப்பண்ணைகளில் இதே சிவப்புச் சிற்றுண்ணியை ஒழிக்கத் தெளித்த மருந்தில், உணவுக்கான பிராணிகளிடம் பயன்படுத்தக் கூடாத ஃபிப்ரோனில் கலந்திருந்தது வெளிப்பட்டது. லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன; பண்ணைகள் மூடப்பட்டன; ஐரோப்பாவுக்கு வெளியேயும் கலக்கம் பரவியது. படித்த நாட்டில், பெரிய முதலீட்டில் நடந்த பண்ணைகளுக்கே குறுக்குவழி இவ்வளவு நஷ்டத்தைத் தந்ததென்றால் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்!

செய்யத்தக்கன எளியவையே. கூண்டிலுள்ள வைக்கோல், குப்பை யாவற்றையும் வாரி எரித்துவிடவேண்டும். இடுக்குகளைச் சுரண்டி, கொதிக்கும் நீரை ஊற்றி, காய்ந்தபின் பிளவுகளை மண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். கொம்பைக் கழற்றி வெயிலில் போட்டு, அதன் முனைகளில் வேப்பெண்ணெய் தடவலாம். அடைக்கூடையை ஒவ்வொரு ஈட்டுக்குப் பின்னும் வெந்நீரில் அலசிக் கடும் வெயிலில் காயவைக்கவேண்டும். நெசவாளர் வீடுகளில் கழிவு நூலை அடைக்கூடையில் மெத்தையாகப் பரப்புவதைக் கண்டிருக்கிறோம். பூச்சி ஒளிவதற்கு அது நல்ல இடம். குஞ்சுகளின் காலில் நூல் சுற்றி முடமாக்குவதும் உண்டு. அதை விலக்குவது நலம். கோழிகளைத் தறிக்கூடத்தில் அடையவிடுவதும் கூடாது.

கோழிக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழியையும் இயற்கை அளித்திருக்கிறது. அது மண்ணில் புரண்டு குளிப்பது விளையாட்டுக்காக அன்று. அகன்ற தொட்டியொன்றில் உலர்ந்த மெல்லிய மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து, மழை படாத இடத்தில் வைத்தால் அதுவே பாதி வைத்தியம். 2012-ஆம் ஆண்டில் வெளியான கலிபோர்னியா ஆராய்ச்சி ஒன்றில், புழுதித் தொட்டி மணலில் கந்தகத் தூள் கலந்து வைத்தபோது கோழிகளின் பேனும் சிற்றுண்ணியும் பெரிதும் ஒழிந்தன என்று கண்டனர். நம் பாட்டிமார் சாம்பல்மேட்டில் கோழியைப் புரளவிட்டதில் பொருள் இருந்தது. கால் செதில் தடித்த கோழிக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, தேங்காயெண்ணெயோ வாஸ்லினோ சில வாரங்கள் தடவிவரலாம். செதிலைப் பிய்ப்பதும் மண்ணெண்ணெயில் காலை முக்குவதும் புண்ணை உண்டாக்கும்.

இவற்றால் தீராதபோது மருந்து வேண்டியதே. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, அதன்பின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்னும் மூன்று கேள்விகளையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்தவேண்டும். இதில் நம் பகுதியினர் பாக்கியசாலிகள். நமக்கு அண்மையிலுள்ள காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் அறிவு இருக்க, கடைக்காரர் தந்த புட்டியை நம்புவானேன்?

இவ்வளவையும் ஒரு வீட்டார் செவ்வனே செய்தாலும் அடுத்த வீட்டார் வாளாவிருந்தால் பயனில்லை என்பதே நாம் முக்கியமாகக் கூறவந்தது. சுத்தம் செய்த கூண்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து பூச்சி மீண்டும் வரும். செய்தவர் மனம் சலித்து, அடுத்த முறை முயலமாட்டார். பின்னர் வலிய மருந்தைத் தேடுவார். தனி முயற்சியின் தோல்வியே தகாத மருந்துக்கு வழிகோலுகிறது.

ஆகவே நம் யோசனை இது. ஒரு தெருவில் கோழி வளர்ப்போர் யாவரும் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தத்தம் கூண்டுகளை ஒரே நாளில் சுத்தம் செய்யவேண்டும். முதல் ஞாயிற்றில் தப்பிய முட்டைகள் பொரித்து வருவனவற்றை இரண்டாவதும் மூன்றாவதும் தீர்க்கும். சங்கத்தின் சார்பில் ஒரு தெளிப்பான், இரண்டு கொப்பரை, ஒரு மூட்டை சுண்ணாம்பு ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொண்டால் செலவு பெரிதாகாது. சந்தையிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு விடுவது என்றும், வெயிலில் காயாத அடைக்கூடையை இரவல் தருவதில்லை என்றும் தெருவார் தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளலாம்.

கடனும் கொள்முதலும் சங்கத்தின் வேலை, கோழிக்கூண்டு அவரவர் வேலை என்று சிலர் கூறலாம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது, கடனும் அவரவர் தனிக் கவலையாகவே கருதப்பட்டிருந்தது. ஒருவரால் தனியே தீர்க்க முடியாத துன்பத்தைப் பலர் கூடித் தீர்ப்பதற்கே சங்கம் என்று நம் முன்னோர் கண்டனர். துன்பம் வட்டிக்காரர் உருவில் வந்தாலும் பேன் உருவில் வந்தாலும் நியாயம் ஒன்றே. கோழியைப் பேணுவோரில் பெரும்பாலோர் பெண்மணிகள். அவர்களுள் பலர் சங்கக் கூட்டத்திற்கு வந்ததே இல்லை. இக்காரியத்தை அவர்களிடமே ஒப்புவித்தால் கூண்டும் சுத்தமாகும், சங்கமும் வலுப்பெறும்.

அங்கத்தினர்கள் இன்றிரவே ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு தத்தம் கூண்டைச் சோதித்துப் பார்க்கவும், துணியில் சிவப்புக் கண்டவர்கள் அதை மறைக்காது அடுத்த வீட்டாரிடம் காட்டவும் வேண்டுகிறோம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவர் துணியிலும் அதே கறை இருக்கக்கூடும். அடுத்த ஞாயிறே முதல் ஞாயிறாகட்டும்.