அவரவர் பெட்டியை அவரவரே அடுக்கட்டும்!

ஆபீஸ் வேலையாகக் கணவர் வெளியூர் கிளம்பினால் பெட்டி அடுக்கித் தர வேண்டியது மனைவிதான் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ராத்திரி ரயில் என்றால் மத்தியானமே சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாக்ஸுக்கு ஜோடி தேடி, மாத்திரையை எடுத்து வைத்து, வழிக்கு இட்லியில் மிளகாய்ப் பொடி தடவிக் கட்டித் தர வேண்டும். ஐயா கிரிக்கெட் பார்த்து முடித்து, குளித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு கிளம்புவார். மறுநாள் காலையில் போன் வரும்: "சார்ஜரை எங்கே வச்சே?"

சார்ஜர் போனால் போகட்டும், கடையில் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர், கம்பெனி மீட்டிங்குக்காக பெங்களூர் போன இடத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. "வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு. வீட்டுக்காரிதான் எடுத்து வைப்பா" என்றாராம்! இங்கே அந்த அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். போனை எடுக்க அரை மணி நேரமாகிவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்பது வயதைத் தாண்டிய மனுஷனுக்குத் தன் உயிரைக் காக்கிற மாத்திரையின் பெயர் தெரியாது என்றால், அது என்ன பழக்கம்?

தானே அடுக்கினவருக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். அப்படி ஒன்றும் கம்பசூத்திரமும் இல்லை. மூன்று நாள் பயணத்துக்கு மூன்று சட்டை, இரண்டு பேண்ட், மாற்று உள்ளாடைகள், ராத்திரிக்கு ஒரு கைலி போதும். அதில் ஒரு செட்டை உடுத்திக் கொண்டே கிளம்பலாம். கனமான பேண்டையும் ஷூவையும் காலில் மாட்டிக் கொண்டு போனால் பெட்டியில் பாதி இடம் மிச்சம். கைலி, பனியன், துண்டைப் பாய் மாதிரி சுருட்டி வைத்தால் இடம் அடைக்காது. மீட்டிங்குக்குப் போட வேண்டிய சட்டையை மட்டும் மடித்து மேலாக வைக்க வேண்டும். கனமானதெல்லாம் சக்கரம் இருக்கிற பக்கம். இன்னொரு ஜோடி செருப்பு இருந்தால் அதற்குள்ளேயே சாக்ஸ். எண்ணெய், ஷாம்பு பாட்டில்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அழுக்குத் துணிக்கு ஒரு காலித் துணிப்பை.

அடிக்கடி டூர் போகிறவர்கள் பிரஷ், பேஸ்ட், சோப்பு டப்பா, சீப்பு, ஷேவிங் சாமான், இன்னொரு சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு எப்போதும் தயாராக வைத்திருக்கலாம். ஊரிலிருந்து வந்ததும் அதைக் காலி செய்யவே கூடாது. பீரோ கதவின் உள்பக்கம் ஒரு லிஸ்ட்டை ஒட்டிவிட்டால், பார்த்துப் பார்த்து டிக் அடிக்கலாம்.

விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டுக்குள் பறக்கும்போது சாதாரண டிக்கெட்டில் கையோடு கொண்டு போகும் பெட்டி பொதுவாக 7 கிலோதான். பவர் பேங்க்கை லக்கேஜில் போட விடமாட்டார்கள், கைப்பையில்தான் இருக்க வேண்டும். கத்தரிக்கோல், தனி பிளேடு மாதிரி சாமான்கள் கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். மாத்திரை, இன்சுலின், அடையாள அட்டை, ஆபீஸ் ஃபைல் இவையெல்லாம் ரயிலானாலும் விமானமானாலும் கையிலேயே இருக்க வேண்டும். மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், பெட்டி தொலைந்தாலும் பெயர் தொலையாது.

"அன்பா செய்யறதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பாங்க?" என்று சில தோழியர் கேட்கலாம். அன்பாக இரண்டு இட்லி கட்டிக் கொடுங்கள், வாசல் வரை வந்து வழியனுப்புங்கள், யார் வேண்டாம் என்றது? அன்புக்காகச் செய்கிற வேலை, நாளடைவில் "ஏன் மறந்தே?" என்று திட்டு வாங்குகிற வேலையாகிவிடுகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

அதே வீட்டில் மருமகள் ஆபீஸ் விஷயமாக ஹைதராபாத் போகிறாள் என்று வையுங்கள். அவள் பெட்டியை யாராவது அடுக்கித் தருகிறார்களா? மூன்று நாளைக்கு இட்லி மாவு அரைத்து, வத்தக்குழம்பு வைத்து, பிள்ளையின் யூனிபாரத்தைத் துவைத்து மாட்டிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தன் பெட்டியைத் திறக்கிறாள். அவசரத்தில் மறந்து போவதும் அவளுடைய சாமான்தான். வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு நாள் முன்னாடியே லிஸ்ட் எழுதிவிடுங்கள். கசங்காத சில்க் காட்டன் ஒன்று, சுடிதார் இரண்டு, துப்பட்டாவுக்குப் பின், தேதி எதுவானாலும் நாப்கின் ஒரு பாக்கெட். மாவு அரைக்கிற வேலையை வீட்டிலிருப்பவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்.

இன்னொன்று. பெட்டியை அடுக்குவது பாதி வேலைதான், பிரிப்பது மீதி வேலை. ஊரிலிருந்து வந்ததும் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, "காபி கொண்டா" என்று உட்காருகிறவர்கள், அழுக்குத் துணிப்பையை வாஷிங் மெஷினுக்குள் போட்டுவிட்டு உட்காரட்டுமே!

கணவன்மாரை இனிமேல் திருத்துவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் பிள்ளைகள் நம் கையில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பத்து வயதுப் பையனிடம் லிஸ்ட்டைக் கொடுத்து, "நீயே எடுத்து வைடா, அம்மா கடைசியில் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் தடவை துண்டை விட்டுவிட்டுத்தான் போவான். அடுத்த தடவை விடமாட்டான். நாளைக்கு அவனுக்கு வரப்போகிறவள் நமக்கு நன்றி சொல்வாள்.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, மதுரை.