பட்டை அகலம் சொல்லாத வளைவு

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு ஓய்வில்லை. பருவம் முடிந்ததும் காற்று தளர்ந்துவிடும். இந்த இரண்டு நிலைகளையும் ஒரே வெய்புல் பரவலில் அடக்க முயல்வதைவிட, ஆண்டு முழுவதற்குமான வேகங்களைச் சிமுலேஷனில் உருவாக்கி, கெர்னல் முறையில் அடர்த்தியை மதிப்பிடுவது நல்லது. ரோசன்பிளாட் 1956இலும் பார்சன் 1962இலும் வகுத்த இம்முறை, பரவலின் வடிவத்தை முன்கூட்டியே திணிப்பதில்லை.

ஆனால் வளைவின் மென்மையைத் தீர்மானிக்கும் பட்டை அகலத்தைத் தேர்வது நாம்தான். மென்பொருள்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சில்வர்மன், ஸ்காட் விதிகள் இயல்நிலைப் பரவலை ஒட்டியவை. இரு குவடுள்ள தரவில் அவை அகலத்தைக் கூட்டி, இரு பருவங்களையும் ஒன்றாக்கிவிடும்.

பாதிப்பு படத்தோடு நிற்பதில்லை. காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. எல்லைத் திருத்தமில்லாத காஸியன் கெர்னலில், மும்மடியின் சராசரியோடு சராசரி வேகம், அகலத்தின் வர்க்கம், 3 ஆகியவற்றின் பெருக்கற்பலன் கூடுதலாகச் சேரும். சராசரி வேகம் வினாடிக்கு 6 மீட்டர், அகலம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால் சேர்வது 18. அகலத்தைப் பாதியாக்கினால் 4.5. வீசாத காற்று மின்சாரக் கணக்கில் ஏறுவது இப்படித்தான். சுழிக்குக் கீழே, இருக்கவே முடியாத வேகங்களுக்கும் அடர்த்தி கசியும்; அதைப் பிரதிபலிப்பு முறையாலோ மடக்கை மாற்றத்தாலோ சரிசெய்ய வேண்டும்.

சிமுலேஷனில் மாதிரியின் அளவு நம் கையில் இருக்கிறது. சார்பற்ற மாதிரிகளை 32 மடங்காக்கினால் உகந்த அகலம் பாதியாகும். ஒருங்கிணைந்த சராசரி வர்க்கப் பிழை 16இல் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அடுத்தடுத்த மணிநேர வேகங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆகவே பயனுறு மாதிரி அளவு, உருவாக்கிய எண்ணிக்கையைவிடச் சிறியது. அதோடு, வெய்புல் பரவலிலிருந்து எடுத்த எண்கள் எத்தனை கோடியானாலும் வெய்புல்லையே திருப்பித் தரும். மாதிரியுருவின் பிழையை எந்தக் கெர்னலும் நீக்காது.

2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கிய ஒக்கி போன்ற புயல்களின் காற்றை அடர்த்தி வளைவின் வால்பகுதியிலிருந்து படிப்பது ஆபத்தானது. அங்கே மாதிரிகள் அரிது; கெர்னல் தன் வடிவத்தையே காட்டும். அதற்கு உச்சமதிப்புப் பகுப்பாய்வே பொருத்தம்.

ஆகவே இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் கெர்னல், பட்டை அகலம், எல்லைத் திருத்தம், பயனுறு மாதிரி அளவு ஆகிய நான்கையும் தவறாமல் எழுதுங்கள். அகலத்தைப் பாதியாக்கியும் இருமடங்காக்கியும் வரைந்த வளைவுகளையும் இணையுங்கள். மூன்றிலும் மாறாத முடிவையே முடிவாக எழுதுங்கள்.