கால் வலியை மறைக்காதீர்கள்!



நார்த்தாமலைக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்க மேலமலையில் ஏறும்போது, யாராவது ஒருவர் பாதி வழியிலேயே, "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிடுவது உண்டு. உடனே மற்றவர்கள், "சோம்பேறி!" என்று கேலி செய்வார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். வெயில், பசி, நடந்து பழக்கமின்மை எனப் பல காரணங்கள் இருக்கலாம். அபூர்வமாக, காரணம் நெஞ்சுக்குள்ளும் இருக்கலாம்.

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், பெருந்தமனி. பத்தாயிரம் குழந்தைகளில் நாலைந்து பேருக்கு, பிறவியிலேயே இது ஓரிடத்தில் சுருங்கியிருக்கும். கண்மாய் வாய்க்கால் நடுவில் தூர்ந்துபோனால் என்ன ஆகும்? மேலே தண்ணீர் தேங்கிக் கரையை முட்டும். கடைமடை வயல் காயும். இதுவும் அப்படித்தான். தலையிலும் கைகளிலும் ரத்த அழுத்தம் கூடும். கால்களுக்கு ரத்தம் குறையும். தலைவலி, மூக்கில் ரத்தம் வடிதல், ஓடினால் கால் வலி, பாதம் சில்லிடுதல் ஆகியவை வரலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் இதயம் பலவீனமாகிவிடும்.

கண்டுபிடிக்கும் முதல் கருவி டாக்டரின் விரல்தான்! கையில் நாடி பலமாகவும், தொடை இடுக்கில் மெலிந்தும் இருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். கை, கால் இரண்டிலும் ரத்த அழுத்தம் அளப்பார். பிறகு எக்கோ, ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. 1944ல் சுவீடன் நாட்டு மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சுருங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். இன்று சிலருக்கு, தொடை ரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். சுருக்கம் மறுபடியும் வரலாம் என்பதால், குணமான பிறகும் தொடர்ந்து பரிசோதனைக்குப் போகவேண்டும்.

2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கே மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கிறது. பிறவி இதயக் கோளாறும் அதில் அடங்கும். ஊசி போடுவார்களோ என்று பயந்து, அன்றைக்கு லீவு போட்டுவிடாதீர்கள். "ஓடினால் கால் வலிக்கிறது, அடிக்கடி தலைவலி வருகிறது" என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள். வீட்டிலும் அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். சொன்னால்தானே டாக்டர் தேடிப் பார்க்க முடியும்?

அடுத்த முறை மலையேறும்போது நண்பன் உட்கார்ந்துவிட்டால், கேலி செய்யாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?