ஒரே வரி, நான்கு தீர்ப்புகள்

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணைய சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலில் ‘கோடூ ஃபெயில்’ (‘ஃபெயில்’ என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரி, மேலே இருந்த ‘இஃப்’ நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதும் அதே அளவு உள்ளே தள்ளி நின்றதால், அதுவும் கட்டுப்பட்டதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், சி மொழியில் நெளிவு அடைப்புக்குறி இல்லாவிட்டால் நிபந்தனை ஒரே கட்டளையோடு முடிந்துவிடும். எனவே இரண்டாவது வரி எப்போதும் ஓடியது. கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்து, ‘பிழை இல்லை’ என்ற விடையோடு வெளியேறியது. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் உங்கள் வங்கியாக வேடமிட அது போதும்.

பிழை எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதிலிருந்து என்ன கற்பது என்பதில்தான் சண்டை. அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்பார் ஒருவர். கோடூவே குற்றவாளி என்பார் இன்னொருவர். டெஸ்ட் எழுதாததே காரணம் என்பார் மூன்றாமவர். ஒருபோதும் ஓடாத வரிகள் இருப்பதைக் கம்பைலர் எச்சரித்திருக்க வேண்டாமா என்பார் நான்காமவர். நால்வர் சொல்வதும் சரிதான், சிக்கலே அதுதான்.

கோடூ வழக்கு பழையது. அது தீங்கானது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதினார்; நிரலின் ஓட்டத்தை மனிதர் மனதில் தொடர முடியாமல் போகிறது என்பது அவர் கவலை. அது பயன்படும் இடங்களை இன்னொரு கணினி அறிஞரான டொனால்டு கனூத் 1974இல் விளக்கினார். லினக்ஸ் கெர்னலில், பாதி வழியில் வேலை கெட்டால் பிடித்துவைத்த நினைவகத்தை ஒரே இடத்தில் விடுவிக்க, இன்றும் கோடூதான்.

கணினிக்கு எல்லா நடையும் ஒன்றே. வேறுபாடு, நாளை நிரலைத் திருத்த வருபவருக்குத்தான். வடிவமைப்பின் தரம் சில ஆண்டுகள் கழித்து, யாரோ ஒரு மாற்றம் கேட்கும்போதுதான் தெரியும். எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கட்டி ஒப்பிட்டுப்பார்க்க நிறுவனங்கள் பெரும்பாலும் செலவு செய்வதில்லை. சான்று இல்லாத இடத்தில் அவரவர் பட்ட சூடு பேசுகிறது. நள்ளிரவில் எழுப்பப்பட்டு ஆறு மணி நேரம் பிழை தேடியவரிடம், ‘இது வெறும் ரசனை’ என்று சொல்வது அநியாயம்.

வரியை உள்ளே தள்ள இடைவெளியா டேபா என்ற சண்டையை மட்டும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பேன். 2009இல் வெளிவந்த கோ மொழி அப்படித்தான் செய்தது: வடிவத்தை அதன் கருவியே ஒழுங்குபடுத்திவிடும், நெளிவு அடைப்புக்குறி இல்லாத ‘இஃப்’பை அதன் கம்பைலர் ஏற்காது. கோடூவை மட்டும் அதை வடிவமைத்தவர்கள் நீக்கவில்லை.