கண்டக்டர் ஏறிய படிகள்

எந்தப் பழக்கமும் இருபத்தொரு நாளில் படிந்துவிடும் என்பது உடற்பயிற்சி வியாபாரத்தின் நிரந்தர மந்திரம். இந்த வாரம் நாளிதழுக்குள் செருகி வந்த ஒரு துண்டறிக்கையிலும் அதுதான் கொட்டை எழுத்தில் நிற்கிறது. 21 நாள் சவால், ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, கூடவே தினமும் பத்தாயிரம் காலடி எண்ணிக் காட்டும் கைப்பட்டை இலவசம். பத்தாயிரத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. இப்போது இருபத்தொன்றும் கூட்டு சேர்ந்துகொண்டது.

21 பிறந்த இடம் உடற்பயிற்சிக்கூடமே இல்லை, அறுவை சிகிச்சை அறை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் 'சைக்கோ சைபர்நெட்டிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புதுத் தோற்றத்துக்குப் பழக, குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்ததாக அதில் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துபோனது. மூக்குக்குச் சொன்னது முழங்காலுக்கும் ஆயிற்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்கு சொல்கிறது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது. உடற்பயிற்சி தாமதமாகவே படிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. சங்கிலி அறுந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று மிரட்டும் சவால்களுக்கு இது உவப்பான செய்தியாக இராது.

பத்தாயிரத்தின் கதை இன்னும் சுருக்கம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணியை அந்த எண்ணின் பெயரிலேயே சந்தைக்கு அனுப்பியது. ஐ-மின் லீ தலைமையில் ஏறத்தாழ 16,700 முதிய அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. இளையவர்களுக்கு எல்லை சற்றுத் தள்ளி இருக்கலாம். ஆனால் பத்தாயிரத்தை எட்டாத நாளெல்லாம் வீண் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் காலடிக் கணக்கே கிடையாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, அவ்வளவுதான். ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் அதில் நீக்கப்பட்டுவிட்டது. சில்லறையாகச் சேர்த்த நிமிடங்களும் கணக்கில் வரும். இதை எழுபது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டியவர்கள் லண்டன் பஸ் கண்டக்டர்கள்.

ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1940களின் இறுதியில், பெருகிவந்த மாரடைப்புக்குத் தொழிலோடு தொடர்பு உண்டா என்று தேடத் தொடங்கினார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் ஏறத்தாழ 31,000 ஆண்களின் பதிவேடுகள் கைக்கு வந்தன. ஒரே இரட்டைமாடி பஸ், ஒரே தடம், ஒரே முதலாளி. டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர், தோளில் காசுப் பையோடு, பின்பக்கத்து வளைந்த படிக்கட்டில் ஏறி மேல்தளத்தில் டிக்கெட் கொடுத்து, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கீழே இறங்கியாக வேண்டும். ஒரு நாளில் அவர் ஏறிய படிகள் 500 முதல் 750. 1953இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களிடம் இதயநோய் குறைவு. வந்தாலும் தாமதமாகவும் கடுமை குறைந்தும் வந்தது. (நம்மூர் மாநகரப் பேருந்தில் பின் இருக்கையில் அமர்ந்தபடி, கைமாறி வரும் காசுக்கு டிக்கெட் அனுப்பும் நடத்துநரை இந்தக் கணக்கில் சேர்க்க இயலாது.)

மாரிஸ் அத்தோடு நிறுத்தவில்லை என்பதுதான் அவர் மேல் மரியாதை கூட்டுகிறது. பருமனானவர்கள் டிரைவர் வேலையையும் ஒல்லியானவர்கள் கண்டக்டர் வேலையையும் தேடிப் போயிருந்தால்? அதைச் சரிபார்க்க அவர் குழு நிறுவனத்தின் சீருடைப் பதிவேட்டைப் புரட்டியது. கால்சட்டை தைக்க எடுத்த இடுப்பளவுகள் அதில் வரிசையாக இருந்தன. 1956இல் அந்த ஆய்வும் அச்சேறியது. ஒரே வயதுக்காரர்களில் டிரைவர்களின் இடுப்பு பெருத்திருந்தது, இளம் வயதிலேயே. ஆக, சந்தேகத்தில் நியாயம் இருந்தது. பிற்பாடு இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டர்களின் சாதகம் மறையவில்லை. தன் முடிவைத் தானே உடைத்துப் பார்க்கத் துணிந்த மாரிஸ் 2009இல், 99 வயதில் காலமானார். லண்டனின் பழைய கண்டக்டர்களும் அநேகமாக மறைந்துவிட்டார்கள். பின்பக்கம் ஏறும் ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து விடைபெற்றன.

கண்டக்டரிடம் பயிற்சித் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் நிலைக்கும் திட்டத்தின் இலக்கணம் முழுவதும் அவர் வேலையில் இருந்தது. எப்போது ஏறுவது என்பதை அவர் மனநிலை தீர்மானிக்கவில்லை, பயணி தீர்மானித்தார். இடமும் நேரமும் முன்பே முடிவானவை. ஒரு தடவைக்கு ஏறுவது கொஞ்சம், தடவைகள் ஏராளம். விடுப்பு எடுத்த மறுநாள் பாக்கிப் படிகளைச் சேர்த்து ஏறும்படி யாரும் கேட்கவில்லை.

மேசை வேலைக்காரர் இதை வலிந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2002இல் வெளியான ஒரு சோதனை வழி காட்டுகிறது. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று விளக்கும் துண்டறிக்கையை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதம் பேர் அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள். அதைப் படிக்காதவர்களில் 38 சதவீதம். படித்ததோடு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதியும் வைத்தவர்களில் 91 சதவீதம்.

எனவே திட்டம் ஒரு வரியில் அடங்க வேண்டும். 'பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றியதும் அங்கிருந்தே இருபது நிமிடம் வேக நடை' என்பது திட்டம். 'தினமும் நடக்க வேண்டும்' என்பது வெறும் ஆசை. ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் பயிற்சியைக் கட்டுவது முதல் படி. மழைநாளுக்கு மாற்று இடத்தை அப்போதே எழுதிவிடுவது இரண்டாவது. சோர்ந்த நாளிலும் முடியும் அளவில் தொடங்கி, அது சுலபமான பின் நிமிடங்களைக் கூட்டுவது மூன்றாவது. நடையும் படிக்கட்டும் கைகளுக்கும் தோளுக்கும் வேலை தராது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் தண்டால், பஸ்கி அல்லது எடை தூக்குதல் சேர வேண்டும். தரையில் தண்டால் முடியாதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். விட்டுப்போன நாளுக்கு வட்டி கட்ட வேண்டாம். மறுநாள் வழக்கம் போல் தொடர்ந்தால் போதும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு மாதம் அந்த ஒரு வரியின்படி நடந்து பார்க்கட்டும். அதுவரை எந்தக் கூடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டாம்.